காரணம்: பல்லி

சிக் ரூம் பதிவேட்டில் ஆறு கட்டங்கள் உண்டு. தேதி, பெயர், வகுப்பு, வந்த நேரம், காரணம், செய்தது. முதல் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவேன். ஐந்தாவதில் பேனா நின்றுவிடும்.

"மூக்கு இருக்கிற இடத்துல இல்லாத மாதிரி இருக்குது மிஸ்" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

ஏனாத்தூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, எடை பார்க்கும் மெஷின், சுடுதண்ணீர் பிளாஸ்க், சுவரில் ஜவுளிக்கடைக் காலண்டர். அங்கே ஆறு வருஷமாக நான்தான் நர்ஸ் மிஸ். அதற்கு முன் பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்ற கால்கள் இவை. இங்கே நாற்காலி இருக்கிறது. ஆனாலும் உட்காரத் தெரியவில்லை. யாராவது படியில் தடதடவென்று இறங்கினால் என் நெஞ்சும் கூடவே இறங்கும்.

வருகிறவர்களோ இப்படி வருவார்கள். விக்கல் நிற்கிற வரைக்கும் கிளாஸுக்குள் வராதே என்று கணக்கு மிஸ் விரட்டிவிட்ட ஒருவன், என் வாசலை மிதித்ததுமே விக்கல் நின்றுபோய், இவ்வளவு சீக்கிரம் திரும்பிப்போனால் நடிப்பு என்பார்களே என்று பயந்து, அது மறுபடி வரட்டும் என்று அரை மணி நேரம் காத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்திக்குக் கனவில் கால் உடைந்துவிட்டது. கட்டுப் போடச் சொன்னாள், போட்டேன், நன்றாக நொண்டிக்கொண்டே போனாள். பேனா மூடியை விழுங்கிவிட்டேன் என்று அழுத ஒருவனின் வயிற்றை அமுக்கி, தொண்டையில் டார்ச் அடித்து, நான் வியர்த்து வழிந்து அவன் வீட்டுக்கு போன் போடும்போது மூடி அவன் சட்டைப் பையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பையனைச் சீட்டோடு அனுப்பினார்கள். உள்ளங்கை இரண்டும் மஞ்சள். காமாலையாக இருக்கலாம், தனியாக உட்கார வைக்கவும் என்று சீட்டில் இருந்தது. கண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன்.

"சாயம் மிஸ்" என்றான் அலுப்பாக. "அப்பா பட்டு நூலுக்கு மஞ்சக் கலர் போட்டுக்கினு இருந்தாரு. நான் உள்ள கைய உட்டுட்டேன். டீச்சர்கிட்ட சொன்னேன், தள்ளி நில்லுன்னு சொல்லிட்டாங்க."

இருவரும் சிரித்தோம். அவன் போனான். போன பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. சாயத்துக்கு அடியில் நிஜமாகவே காமாலை இருந்தால்? மத்தியானம் சாப்பாட்டு வரிசையிலிருந்து அவனைத் தனியாக இழுத்து, மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். அவனுடைய நண்பர்கள் அந்த வருஷம் முழுக்க அவனை அதைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

நான் இப்படித்தான். வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே வார்டுக்கு நடந்துவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் திரும்ப நடந்து போகவில்லை. அன்றிலிருந்து அற்பமான காரணம் எதையும் என்னால் அற்பமாகப் பார்க்க முடிவதில்லை. நூறு பொய்க்கு நடுவில் ஒரு மெய் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வந்து நிற்கும், நான் சுடுதண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் பயத்தோடுதான் தினமும் காலையில் அறையைத் திறக்கிறேன்.

அன்று ஆடி மாதத்து வெக்கை. இரண்டாவது பீரியட். ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவர் உள்ளே வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையைக் கைக்குட்டை வைத்துப் பிடித்திருந்தாள், சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல. சீட்டில் ஒரே வரி: 'பல்லி விழுந்தது. பார்க்கவும்.' அனுப்பியவர் அறிவியல் டீச்சர்.

"இவ தலைலயே மிஸ்! டியூப் லைட்லருந்து பொத்துனு" என்றாள் கைக்குட்டைக்காரி. "விழுந்துட்டு ஓடவே இல்ல. அங்கயே உக்காந்து யோசிச்சுக்கினு இருந்துச்சு."

"இப்ப எங்க இருக்குது அது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியல மிஸ். அதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன்."

பல்லி என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். ரத்தம், சீழ், வாந்தி எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. பல்லியின் வால் மட்டும் அசைந்தாலே போதும். ஒரு பென்சிலை எடுத்து, கையை முடிந்த மட்டும் நீட்டி, அந்தப் பெண்ணின் வகிட்டை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலை, ரிப்பனின் ஒவ்வொரு மடிப்பையும் கிளறிப் பார்த்தேன். பல்லி இல்லை. கீறல் இல்லை, கடி இல்லை. தலைக்குச் சொந்தக்காரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடி பிடித்தேன். நூற்று இருபத்து நாலு.

கைக்குட்டைக்காரியைக் கிளாஸுக்கு அனுப்பிவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பல்லி விழும் பலன். நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று, இடது தோளுக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஆறு வருஷமாக அந்தக் காலண்டர்களை மாட்டுகிறவள் நான்தான். பின்பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை.

அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. தலை: உற்றார் மரணம்.

"இதுல அம்மா வருவாங்களா மிஸ்?"

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்கம்மா. இடம் நிரப்பணும்ல?"

"எங்கம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன் மிஸ். பதினொரு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

கர்ப்பப்பையில் கட்டி. சொல்லச் சொல்ல அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. அம்மா தறிக்குத் தாரில் நூல் சுற்றும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். மூன்று மாசமாக இப்படி. இன்று காலை அப்பா அவளை ஆட்டோவில் ஏற்றும்போது அம்மா, நீ ஸ்கூலுக்குப் போ, அங்க இருந்தா பயம் தெரியாது என்றாளாம். போனாள். பல்லி விழுந்தது.

"அரை மணி நேரம் உடுங்க மிஸ். ஷேர் ஆட்டோல போய் பெருமாள் கோயில் பல்லியைத் தொட்டுட்டு ஓடியாந்துடறேன்."

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி ஒன்று, வெள்ளிப் பல்லி ஒன்று. தொட்டால் எந்தப் பல்லி எங்கே விழுந்த தோஷமும் போய்விடும். வர முடியாதவர்கள், தொட்டவர்களைத் தொட்டாலும் போதும். அதனால்தான் காஞ்சிபுரம் என்று சொன்னதுமே வெளியூரில் சிலர் பேச்சுக்கு நடுவில் நம் கையை ஒரு தடவை தொட்டுக்கொள்வார்கள்.

இன்டர்காமில் பிரின்சிபாலைக் கூப்பிட்டேன்.

"பல்லி கடிச்சுதா சிஸ்டர்?"

"இல்ல மேடம், விழுந்துது."

"விழுந்ததுக்கெல்லாம் அவுட் பாஸ் குடுத்தா நாளைக்கு ஸ்கூல்ல பல்லி மட்டும்தான் இருக்கும்."

அம்மாவுக்கு ஆபரேஷன் என்றேன். அப்பாவே போன் பண்ணிக் கேட்டால் அனுப்புகிறேன் என்றார். அவர் சொல்வதிலும் தவறில்லை. அப்பாவின் நம்பரை அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது, அடங்கியது. மறுபடி அடித்தது. ஆபரேஷன் நாளில் ஆண்கள் போனை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். துணிப்பையின் அடியில், பிளாஸ்க்குக்கும் மாற்றுப் புடவைக்கும் கீழே.

அப்போதுதான் துடைப்பத்தோடும் வாளியோடும் ஆயாம்மா உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். விஷயத்தை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டார்.

"இதுக்கா அழுவுற? நானு தொட்டிருக்கேன், வா இங்க."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சே ஆயாம்மா?" என்றேன்.

"போனா? சம்பந்தி வூட்டுக்காரங்க வந்தாங்க, கூட்டினு போனேன். கியூவுல நின்னாச்சு, சும்மா வருவாங்களா? பல்லி என்னா ஆளப் பாத்தா விழுது?"

"எப்ப தொட்டீங்க?" என்றாள் பெண்.

"ரெண்டு வாரம் இருக்கும்."

பெண் யோசித்தாள். "அதுக்கப்புறம் கைய கழுவுனீங்களா?"

"கழுவாம? காலைலருந்து பாத்ரூமா தேய்ச்சுக்கினு இருக்கேன்டி நானு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பத்து முப்பத்திரண்டு. அவள் பார்வை ஆயாம்மாவின் கையிலிருந்து மெல்ல நகர்ந்து என் கைக்கு வந்தது.

"மிஸ், நீங்க தொட்டிருக்கீங்கல்ல?"

"நர்சம்மா தொடாமையா இருப்பாங்க?" என்றார் ஆயாம்மா. "அவங்க வூடே கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்."

தொட்டதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்து இரண்டு வருஷம். எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் பல்லி வரிசைக்குப் போவார்கள், நான் குளத்துப் பக்கம் பைகளுக்குக் காவல் இருப்பேன். யாராவது பையைப் பார்த்துக்கணும் இல்லையா என்பேன். தங்கமானால் என்ன, வெள்ளியானால் என்ன, பல்லி பல்லிதானே. இருபத்து இரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

"தொட்டிருக்கேன்" என்றேன். "போன வெள்ளிக்கிழமைதான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"கூட்டமா இருந்துச்சா மிஸ்?"

பொய்க்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தனியாக நிற்க பயம், துணைக்கு ஆள் சேர்க்கும். "நல்ல கூட்டம்மா. சுவத்தோரமா அப்படியே ஒண்டிக்கினு போய், சுவத்துல பக்கத்துல பக்கத்துல இருந்துச்சா, ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல தொட்டுட்டு வந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தை ஒரு கணம், என் விரல்களைக் கூடுதலாக அரைக் கணம். ஆயாம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை வாளிக்குள் போட்டுத் துடைப்பத் துணியோடு சேர்த்துப் பிழிந்தார். பிறகு பெண் தலையைக் குனிந்து என் முன்னால் நீட்டினாள்.

கையை வைத்தேன். தேங்காய் எண்ணெய் வழவழப்பு, அதற்குக் கீழே மண்டையின் சூடு, அதற்கும் கீழே எங்கேயோ நூற்று இருபத்து நாலாய் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம். என் விரல்கள் நடுங்கின. ஊசி போடும்போதுகூட நடுங்காத விரல்கள். நாடியை மறுபடி பிடித்தேன். தொண்ணூற்றாறு. அவள் ரிப்பனைச் சரிசெய்துகொண்டு கிளாஸுக்குப் போய்விட்டாள்.

பதிவேட்டை எடுத்தேன். காரணம்: பல்லி. செய்தது: அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். காலியாக விட்டேன்.

பதினொரு மணி அடித்தது. இப்போது தள்ளுவண்டி கிளம்பியிருக்கும். மேலே விளக்கு விளக்காக நகரும், படுத்திருப்பவளுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். பச்சைத் துணி, குளிர், முதுகில் ஊசி. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு பயம். எனக்கு நிமிஷத்துக்கு ஒன்று. நடுவில் ஒருவன் ரப்பர் துண்டை மூக்கில் போட்டுக்கொண்டு வந்தான், எடுத்தேன். ஒருத்தி, தும்மல் வரப்போகிறது ஆனால் வரவில்லை என்று வந்தாள், சூரியனைப் பார்க்கச் சொன்னேன், தும்மினாள், நன்றி சொன்னாள். என் காது மேசைமேல் இருந்த போனிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பலன்களை நான் நம்புகிறவள் இல்லை. இதை எனக்கு நானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தபடி. நம்பாதவளுக்கு எதற்கு உள்ளங்கை இப்படிக் குளிர்ந்துபோகிறது? ஒன்று நடந்துவிட்டால் அந்தப் பெண் யாரை நினைப்பாள்? பல்லியையா, காலண்டரையா, என்னையா? பதினாறு வருஷத்தில் காலாவதியான மருந்து ஒன்றைக்கூட யாருக்கும் கொடுத்தவள் இல்லை நான். இன்று வெறும் கையைக் கொடுத்திருக்கிறேன், மருந்து என்று சொல்லி.

சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினேன். அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு போன் வந்தது. "இந்த நம்பர்லருந்து ஒம்போது மிஸ்டு கால் இருக்குது. யாருங்க?" அவள் அப்பா.

"ஸ்கூல் நர்ஸ் பேசறேங்க. ஆபரேஷன்..."

"இன்னிக்கு இல்லீங்க மேடம். உள்ள கூட்டினு போறப்ப பிரஷர் ஏறிப்போச்சாம். டாக்டர் நாளைக்குக் காலையில ஏழு மணிக்குன்னு சொல்லிட்டாரு. பாப்பா தனியா இருக்குமே தனியா இருக்குமேன்னு பொலம்பியே இவ ஏத்திக்கினா. சாயந்திரம் அதோட சித்தி வந்துடும். பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். அங்கே அம்மா மகளை நினைத்து, இங்கே மகள் அம்மாவை நினைத்து, நடுவில் நான்.

பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. விரலை மடக்கிக் கணக்குப் போடுவதுபோல ஏதோ யோசித்தாள்.

"அப்ப நாளைக்கு வரைக்கும் அது பவர் இருக்குமா மிஸ்?"

"இருக்கும்" என்றேன். எனக்குள் எதுவோ எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து நேராகக் கோயில். நடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குளத்தைத் தாண்டும்போது, வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் யாரோ ஒரு பெண்மணி நான்கு பைகளோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்காத மாதிரி நடந்தேன். சீட்டு வாங்கி வரிசையில் சேர்ந்தேன். முன்னால் ஒரு பெரிய குடும்பம், கைக்குழந்தையின் கையைத் தூக்கிப் பழக்கிக்கொண்டே நகர்ந்தது. வரிசை ஊர்ந்தது. இன்னும் பத்துப் பேர். இன்னும் ஆறு பேர். நான் வலது சுவரைத் தேடினேன், இடது சுவரைத் தேடினேன். வெறும் கல். எண்ணெய்க் கறை. தாண்டி வந்துவிட்டேனோ என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மிஸ். மேல."

எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் தள்ளி, பள்ளிச் சீருடையிலேயே, பக்கத்தில் அவள் சித்தியோடு, அவள். விரல் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். தலைக்கு மேலே, கூரையில், சூரியன் ஒன்றும் சந்திரன் ஒன்றும், அவற்றோடு பளபளவென்று இரண்டும் கிடந்தன. அடியில் படி போட்டிருந்தது. எல்லோரும் படியேறிக் கையைத் தூக்கித்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

காதுவரை சூடாயிற்று எனக்கு. அவள் சித்தியிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"சுவத்துலன்னு சொன்னீங்களே மிஸ். அப்பவே."

"அப்புறம் ஏன் தலையைக் காட்டின?"

"உங்க கை நடுங்கிக்கினு இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினாள். "பாவமா இருந்துச்சு மிஸ். ஆயாம்மாவுக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு படில வச்சு சொன்னாங்க."

வரிசை எங்களைத் தள்ளியது. படி வந்துவிட்டது. அவள் முதலில் ஏறி, நுனிக்காலில் நின்று, தங்கத்தைத் தலையிலிருந்து வால்வரை, வெள்ளியைத் தலையிலிருந்து வால்வரை தடவினாள். அவசரமே இல்லை அவளுக்கு. நான் இரண்டாவது படியில் நின்றுவிட்டேன். கை மேலே போக மறுத்தது.

"கடிக்காது மிஸ்."

"தெரியும்."

"கண்ண மூடிக்கோங்க."

மூடிக்கொண்டேன். பின்னால் யாரோ "சீக்கிரம் ஆவட்டும்மா, ஊருக்கு பஸ் புடிக்கணும்" என்று சத்தம் போட்டார்கள். என் மணிக்கட்டை ஒரு சின்னக் கை பிடித்து உயர்த்தியது, நான் நாடி பார்க்கப் பிடிக்கும் அதே இடத்தில். விரல் நுனியில் குளிர்ச்சி. எத்தனையோ கைகள் தேய்த்து வழவழப்பாகிப்போன குளிர்ச்சி. வால் அசையவில்லை. பிறகு இன்னொன்று. வெளியே வந்ததும் அவள் தலையை நீட்டினாள். கையை வைத்தேன். இந்தத் தடவை அது வெறும் கை இல்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள். பிரேயர் முடிந்ததும் சீட்டு எதுவும் இல்லாமல் நேராக என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நான் போகச் சொல்லவில்லை. ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பது இருபத்தைந்து. ஆயாம்மா ஏற்கனவே துடைத்த தரையை இன்னொரு தடவை துடைத்தார். போன் அடித்தபோது மூன்று பேரும் அதைப் பார்த்தோமே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கண் விழித்துவிட்டாள், தண்ணீர் கேட்கிறாள், இப்போது கொடுக்கக் கூடாதாமே, உதட்டை மட்டும் நனைக்கலாமா மேடம் என்று அவள் அப்பா கேட்டார். பஞ்சை நனைத்துத் தடவுங்கள் என்றேன். அதற்குள் அந்தப் பெண் கட்டிலில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தாள், நேற்று முழுக்க அழாததையும் சேர்த்து.

மாசக் கடைசியில் கையெழுத்துப் போடுவதற்காகப் பதிவேட்டைப் புரட்டிய பிரின்சிபால் ஓரிடத்தில் நின்றார்.

"பல்லிக்கு நேரா காலியா இருக்குதே சிஸ்டர். என்ன செஞ்சீங்கன்னு எழுதணும்ல?"

வாங்கி எழுதினேன்: 'தலையில் கை வைத்து அனுப்பினேன். மருந்து அன்று மாலைதான் கிடைத்தது.'